ஒரு கரண்டி குறைவாக

கொதித்து இறக்கிய பருப்பைக் கரண்டி நுனியில் தொட்டெடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தவள், அப்படியே குழாயடிக்குப் போய்த் துப்பினாள். உப்பு கரித்தது. இருபத்தாறு வருடமாக அந்த பஸ் டிப்போ கேன்டீனில் தினம் நூற்றைம்பது பேருக்குச் சமைக்கிறாள். உப்பு கூடிவிட்டது என்று இதுவரை ஒருவர்கூடத் தட்டை ஒதுக்கியதில்லை. அளவு டம்ளர் அதேதான், தலைதட்டிப் போட்டதும் அவள் கைதான். காய் நறுக்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னாள். ஏழெட்டு வருடமாக உடன் வேலை பார்க்கும் அந்தப் பெண் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, எப்போதும்போலத்தான் இருக்கிறது, இன்னும் ஒரு சிட்டிகை போட்டால்கூடத் தாங்கும் என்றாள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. பருப்பு பருப்பாகத்தான் இருந்தது. அவள் நாக்குதான் ஆள் மாறியிருந்தது.

நாக்கு மாறியதற்குக் காரணம் டிப்போவின் நர்ஸம்மா. வருடத்துக்கு ஒருமுறை டிரைவர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் எல்லாம் பார்ப்பார்கள். அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் போனால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். அந்த வாரம் நர்ஸம்மாவுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நீங்களும் உக்காருங்கக்கா, ஒரு நிமிஷம்தான்" என்று சொல்லி, அவள் கையிலும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டார். நூற்றெழுபத்திரண்டு, கீழே நூற்றிநாலு. நர்ஸம்மா மறுபடி பார்த்தார். இரண்டு நாள் விட்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் டாக்டரிடம் அனுப்பினார். தினம் ஒரு மாத்திரை, தினம் அரைமணி நேர நடை, உப்பில் பாதி என்று டாக்டர் சொன்னார். ஊறுகாய், பாக்கெட் பிஸ்கட், டப்பாவில் வருகிற சூப்பு எதுவும் கூடாது. ரொட்டியில்கூட உப்பு ஒளிந்திருக்கும் என்றார். உடம்பில் உப்பு சேர்ந்தால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தக்குழாய்க்குள் ஓட்டம் கூடும், குழாய் இறுகும் என்று அவர் படம் போட்டுக் காட்டியதெல்லாம் அவளுக்குப் புதிதில்லை. இதே விளக்கத்தை, இதே மாதிரி ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பத்து வருடத்துக்கு முன்னால் வேறு ஒருவருக்காக அவள் கேட்டிருந்தாள்.

அந்த வேறொருவர் அவள் வீட்டுக்காரர். இதே டிப்போவில்தான் டிரைவர். வண்டி ஓட்டும் விதத்தை வைத்து அவருக்குப் 'பஞ்சு' என்று பட்டப்பெயர். பிரேக் போட்டால் நின்றுகொண்டிருக்கிற குழந்தைகூட அசையாது என்பார்கள். கடைசி ஸ்டாப்புக்கு இரண்டரை மணி நேரம் ஓடும் நெடுந்தடம் அவருடையது. இரண்டாவது டிரிப் முடித்து அவர் வரும்போது காக்கிச் சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிந்திருக்கும். வேர்வை காய்ந்த உப்பு. அந்தச் சட்டையைத் துவைக்கிறபோதெல்லாம் அவளுக்கு மனசு பதறும். ஒரு மனிதன் உடம்பிலிருந்து இவ்வளவு போகிறதே, போனதைத் திருப்பி வைக்க வேண்டாமா என்று நினைப்பாள். கல்யாணமான புதிதில் அவளாக வகுத்துக்கொண்ட கணக்கு அது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் அவர் தட்டில் எப்போதும் ஒரு பிடி தூக்கலாகவே விழும். அவரும் அதற்குத் தோதாகத்தான் இருந்தார். முதல் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். வேறு பாராட்டு கிடையாது. சில வீட்டில் பூ வாங்கி வருவார்கள், சில வீட்டில் சினிமாவுக்குக் கூட்டிப் போவார்கள். அவள் வீட்டில் அந்த மூடின கண்தான். இருபத்திரண்டு வருடம் அதற்காகத்தான் சமைத்தாள் என்று சொன்னாலும் பொய்யில்லை.

நாற்பத்தொன்பதாவது வயதில் அழுத்தம் கூடிப்போய் அவரை வண்டியிலிருந்து இறக்கினார்கள். டைம் ஆபீசில் நாற்காலி போட்டு, எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போகிறது என்று குறிக்கும் வேலை. ஜன்னல் வழியாக அவர் கையாட்ட, மற்றவர்கள் ஓட்டிப் போனார்கள். வீட்டுக்கு வந்தால் பேச்சு குறைந்தது. சட்டையில் வெள்ளைக் கோடு நின்றுபோனது. டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளைத் தனியே கூப்பிட்டு, இனி இவர் உயிர் உன் கரண்டியில் இருக்கிறதம்மா என்று சொல்லித்தான் அனுப்பினார். அவளும் தலையாட்டினாள். ஒரு வாரம் செய்தும் பார்த்தாள். ஒரு வாரமும் அவர் ஒன்றும் சொல்லாமல் பாதித் தட்டோடு எழுந்து போனார். கண் மூடவேயில்லை. எட்டாவது நாள் அவள் கை தானாகப் பழைய டப்பாவுக்குள் போனது. வண்டியும் போச்சு, வாய்க்கு ருசியும் போகணுமா, இதில் கொஞ்சம் போட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அவர் வழித்துச் சாப்பிட்டார். குறைத்துத்தான் போடுகிறேன் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே நாலு வருடம் ஓட்டினாள். ஒரு மத்தியானம், பன்னிரண்டே முக்கால் வண்டியைக் குறித்துவிட்டு நிமிர்ந்தவர், நாற்காலியோடு சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். அந்த மூன்று நாளில் ஒருநாள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், "மாத்திரை ஒழுங்கா போட்டாரா, உப்பைக் குறைச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "குறைச்சேங்க" என்று சொன்னாள். ஆறு வருடமாகிறது. அந்த ஒரு வார்த்தையை யாரிடமும் அவிழ்த்ததில்லை.

அதனால்தான் தன் முறை வந்தபோது அவள் தர்க்கம் பண்ணவில்லை. வீட்டில் ஒற்றை ஆள் சமையல். பாதியாகக் குறை என்றால் பாதியாகக் குறைத்தாள். முதல் இரண்டு வாரம் எதைத் தின்றாலும் அட்டையை மென்றது மாதிரி இருந்தது. அவித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அழுதது முட்டைக்கா மனிதருக்கா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எலுமிச்சம்பழம் பிழிந்து பார், பூண்டை வதக்கிப் போட்டுப் பார், மிளகைத் தட்டிப் போடு என்று நர்ஸம்மா தினம் ஒரு வைத்தியம் சொன்னார். நாலாவது வாரம் காரட்டில் ஓர் இனிப்பு தெரிந்தது. ஐந்தாவது வாரம் வெறும் சோற்றுக்கே ஒரு மணம் இருப்பது தெரிந்தது. ஆறாவது வாரம்தான் கேன்டீன் பருப்பைத் துப்பியது. நாற்பது நாளில் பழகிப்போகிற நாக்குக்காகவா நான் ஒரு மனிதரை விட்டுக்கொடுத்தேன் என்று குழாயடியிலேயே நின்றுவிட்டாள். மூட மறந்த குழாயைக் காய் நறுக்குகிறவள் வந்து மூடினாள்.

அன்று மத்தியானம் அவள் பந்தி முழுக்க நெட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறடி நாலங்குலம். பஸ்ஸுக்குள் கழுத்தை மடக்கியே நின்று கூன் விழுந்துவிட்டது. பஞ்சுவுக்குப் பதினோரு வருடம் கண்டக்டராக இருந்து, அவரிடமே ஓட்டக் கற்று, பரீட்சை எழுதி டிரைவராகி, இப்போது அதே நெடுந்தடத்தில் ஓட்டுகிறான். டிப்போ முழுக்க அவளை அக்கா என்று கூப்பிட, அவன் ஒருவன் மட்டும் அண்ணி என்பான். இந்த வருடப் பரிசோதனையில் அவனுக்கு நூற்றைம்பத்தெட்டு. ஆறு மாதத் தவணை கொடுத்திருந்தார்கள். அதற்குள் இறங்காவிட்டால் அவனை இறக்கிவிடுவார்கள். பெண்டாட்டி வெளியூரில் வேலை, பிள்ளைகள் அங்கே படிப்பு. இரண்டு வேளையும் அவனுக்குக் கேன்டீன்தான். அன்றைக்கும் தட்டு வந்ததும் ருசிகூடப் பார்க்காமல், மேஜையில் இருந்த உப்பு டப்பாவைக் கவிழ்த்து மூன்று உதறு உதறினான். பஞ்சு அண்ணனிடம் கற்றுக்கொண்டதில் அதுவும் ஒன்று.

சாயங்காலம் அவள் நர்ஸம்மாவிடம் போய், நூற்றைம்பது பேருக்கு ஒரேயடியாக உப்பைக் குறைத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். கலவரம் ஆகும் என்று நர்ஸம்மா சிரித்தார். ஒரேயடியாகக் குறைத்தால்தானே தெரியும், நாக்குக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் எவருக்கும் தெரியாது என்றார். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, "நீங்க எதுவும் கேக்கல, நான் எதுவும் சொல்லல" என்றார்.

அளவு டம்ளருக்கு இருபது கரண்டி உப்பு பிடிக்கும். முதல் திங்கட்கிழமை தலைதட்டிய டம்ளரிலிருந்து ஒரு கரண்டியைத் திரும்ப டப்பாவில் போட்டாள். பந்தியில் முதல் தட்டு போனதும் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். மெக்கானிக் செக்‌ஷன் ஆட்கள் சோறு குழைந்துவிட்டது என்றார்கள். கண்டக்டர்கள் வழக்கம்போல முட்டை சின்னதாகிவிட்டது என்றார்கள். உப்பைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. பதினைந்து நாள் கழித்து இன்னொரு கரண்டி. அதற்கும் பதினைந்து நாள் கழித்து இன்னொன்று. மேஜைக்கு மேஜை இருந்த உப்பு டப்பாக்களைக் கழுவப் போகிறேன் என்று எடுத்தவள், திருப்பி வைக்கும்போது எல்லாவற்றையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில் வரிசையாக வைத்துவிட்டாள். வேண்டுகிறவர்கள் எழுந்து போய் எடுத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிற மனிதர்கள், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். முதல் வாரம் நாலைந்து பேர் எழுந்து போனார்கள். அடுத்த வாரம் நெட்டை மட்டும் போனான். அதற்கடுத்த வாரம், வழியில் நாலு பேர் காலை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அவனும் பாதியில் திரும்பி உட்கார்ந்தான்.

ஆறாவது கரண்டி குறைத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு நாள் வரமுடியவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது அடுப்படியில் காய் நறுக்குகிறவள் முகம் தொங்கிப்போயிருந்தது. நேற்று ஆளாளுக்குச் சண்டைக்கு வந்தார்களாம். கடலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டாயா என்று கேட்டார்களாம். தண்ணீர்த் தொட்டி இரண்டு தடவை காலியாம். "நீங்க சொன்ன டம்ளர்தான்க்கா போட்டேன், ஒரு டம்ளர் தலைதட்டி, சத்தியமா" என்று அவள் புலம்பிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஓர் ஆள் நின்றான். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். காய் நறுக்குகிறவளை, வெளியே போய்க் கொஞ்சம் டீயைப் பார் என்று அனுப்பினான். அவன் அப்படி அதிகாரமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"அவங்க போட்டது பழைய அளவு. அப்ப நீங்க போடறது என்ன அளவு அண்ணி?"

மழுப்பத் தோன்றவில்லை. பதினாலு கரண்டி என்றாள். எப்போதிலிருந்து என்பதையும் சொன்னாள். அவன் அடுப்புத் திண்டில் கையை ஊன்றிக்கொண்டான்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எனக்கு நாப்பத்தாறு வயசு. குழந்தைக்கு மருந்தைத் தேன்ல வெச்சு ஊட்டற மாதிரி ஊட்டியிருக்கீங்க."

"சொன்னா நீ குறைச்சிருப்பியா?"

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். போகும்போது, மாத்திரையையும் நான் ஒழுங்காகப் போடுவதில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். கோபத்தில் சொன்னானா, மனசு விட்டுச் சொன்னானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. யாரிடமும் அவன் காட்டிக்கொடுக்கவில்லை என்பது மட்டும் அடுத்த நாளே தெரிந்துவிட்டது. பந்தியில் எவனோ, இன்றைக்குத்தான் சாப்பாடு சாப்பாடாக இருக்கிறது, அக்கா கைக்கு ஈடு கிடையாது என்றபோது, நெட்டை தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். அன்றிலிருந்து சாப்பிட்ட கையோடு மாத்திரை அட்டையை எடுத்து, அவள் பார்வையில் படுகிற மாதிரி ஒன்றைக் கிழித்து வாயில் போட்டுக்கொள்வான். சாயங்காலம் டிப்போ சுற்றுச்சுவரை ஒட்டி நாலு சுற்று நடப்பான். அவன் உயரத்துக்கு, மதிலுக்கு வெளியே இருந்து பார்த்தால் தலை மட்டும் தனியாகப் போவது தெரியும் என்று மெக்கானிக்குகள் கேலி பண்ணுவார்கள்.

மறு பரிசோதனையில் அவனுக்கு நூற்றிமுப்பத்தெட்டு, கீழே எண்பத்தாறு. ஓட்டலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்கும் நூற்றிநாற்பதுக்கு வந்திருந்தது. உப்பு மட்டுமே செய்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள் என்று நர்ஸம்மா எச்சரித்தார். உப்பால் ஐந்தாறு புள்ளி இறங்கியிருக்கும், மிச்சம் மாத்திரை, நடை எல்லாம் சேர்ந்து இறக்கியது என்றார். ஐந்தாறு புள்ளி. அவள் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். ஐந்தாறு புள்ளி இறங்கியிருந்தால் அன்றைக்கு அந்தக் குழாய் வெடிக்காமல் இருந்திருக்குமா? யாரிடம் கேட்பது? கேட்டாலும் யாரால் சொல்ல முடியும்?

தாளைக் காட்ட வந்த நெட்டை, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என் வண்டியில் வரவேண்டும் என்றான். எதற்கு என்றதற்கு, சும்மாதான் என்றான். இருபத்தாறு வருடம் பஸ்களுக்கு நடுவிலேயே வேலை பார்த்தும் அவள் அந்தத் தடத்தில் கடைசி ஸ்டாப் வரை போனதில்லை. அங்கே அவளுக்கு யாரும் இல்லை, வேலையும் இல்லை. ஞாயிறு காலை, இரண்டு பேருக்கும் சோறு கட்டிக்கொண்டு போய் ஏறினாள். டிரைவருக்கு இடப்புறம், முதல் ஒற்றை சீட்டைக் காட்டி உட்காரச் சொன்னான். நகரம் முடிந்து, கிடங்குகள் முடிந்து, இரண்டு பாலம் தாண்டி, புளியமரமோ வேறு மரமோ இரண்டு பக்கமும் கவிந்த நீளமான சாலையில் வண்டி போனபோது, எதிரே வருகிற ஒவ்வொரு டிரைவரும் இவனுக்குக் கையுயர்த்தினார்கள். இப்படித்தானே அவருக்கும் உயர்த்தியிருப்பார்கள் என்று பட்டது. வீட்டில் பேச்சு குறைந்துபோயிருந்த நாலு வருட மனிதருக்குப் பின்னால், இங்கே ஒருவர் இருந்திருக்கிறார்.

கடைசி ஸ்டாப்பில் ஒன்றுமே இல்லை. ஒரு வட்டமான மண் திடல், கூரை போட்ட ஒரு பெஞ்சு, பூட்டிய பெட்டிக்கடை. இருபத்தைந்து நிமிஷம் நிற்கும் என்றான். பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தார்கள். எலுமிச்சை பிழிந்த காய், பருப்பு, சோறு. அவன் பாதி சாப்பிடும்வரை பொறுத்திருந்துவிட்டு, அவள் சொன்னாள். டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது, ஒரு வாரம் குறைத்தது, எட்டாவது நாள் போட்டது, நாலு வருடம் போட்டது, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சொன்ன பொய். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரல் உடையாமல் சொல்லி முடிக்க முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நெட்டை கையை அப்படியே தட்டில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணனுக்குத் தெரியும் அண்ணி."

அவள் திரும்பினாள்.

"வண்டியிலிருந்து இறக்கினப்புறம், வாரா வாரம் அவர் லீவு நாள்ல என் வண்டியில ஏறி இங்க வருவார். நீங்க வந்த அதே சீட்டு. இதே பெஞ்சுல உக்காந்து சாப்பாட்டைப் பிரிப்பார்."

லீவு நாட்களில் கடைத்தெரு வரை போய்வருகிறேன் என்று அவளிடம் அவர் சொல்லிவிட்டுப் போவார். கையில் சாப்பாடு எதற்கு என்று கேட்டதற்கு, பார்க்கில் உட்கார்ந்து தின்பேன் என்பார். அவளும் கட்டிக் கொடுப்பாள்.

"ஒருநாள் எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். சாப்பிட்டுப் பார்த்துட்டு, என்னண்ணே உப்பு குறையவே இல்லையேன்னு கேட்டேன். சிரிச்சார். 'குறைச்சிட்டேன்னு அவ சொல்றாடா. நானும் நம்பிட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன்'னார். விட்டுடுங்கண்ணேன்னு சொன்னேன். விட்டா அவ முகம் தொங்கிடும், பாக்க முடியலன்னார்." அவன் திடலைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான். "நான் உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். நாலு வருஷத்துல எத்தனை நாள் கேன்டீன்ல உங்க முன்னாடி உக்காந்து சாப்பிட்டேன். சொல்லல."

அவர் முகம் தொங்கக் கூடாது என்று அவள் போட்டாள். அவள் முகம் தொங்கக் கூடாது என்று அவர் தின்றார். சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது, அந்தச் சிரிப்போடு வேறு ஏதோ சேர்ந்து வந்துவிடும்போலவும் இருந்தது. இந்தப் பெஞ்சில், இந்த வெயிலில், மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, முதல் கவளத்துக்கு அவர் கண்ணை மூடியிருப்பாரா என்று கேட்க நினைத்தாள். மிச்சச் சோற்றை அவன் பக்கம் தள்ளி, "சாப்பிடு, நேரமாகுது" என்றாள். அவன் வழித்துச் சாப்பிட்டான்.

அதற்குள் எங்கிருந்தோ ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். கோழியை இடுக்கிக்கொண்டு ஒரு பெரியவர், பெரிய பையை முன்னால் மாட்டிய ஒரு பெண், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. அவள் அதே ஒற்றை சீட்டில் போய் உட்கார்ந்தாள். நெட்டை குனிந்து ஏறி, கண்ணாடியைச் சரிபண்ணி, வண்டியைக் கிளப்பினான். ஆனால் நகர்த்தவில்லை. வண்டி நிழலில் படுத்திருந்த ஒரு செவலை நாய், முன்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து எழுந்து, முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. அவன் ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தான். நாய் நாலடி தள்ளிப் போய் நின்றதும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, திடலின் விளிம்பை ஒட்டி ஒரே வளையமாக வண்டியைத் திருப்பினான். அவள் ஜன்னல் வழியாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். நிழல் வண்டியோடு போய்விட்டிருந்தது. நாய் வெயிலில் நின்று, சற்றுமுன் தான் படுத்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.